கெடு வைப்பது அவர்கள், கடன்படுவது நாமா?

2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அன்றோடு காலாவதிப் பட்டியலில் சேர்ந்தன. திரை எரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, கோப்புகள் திறக்கின்றன. இருந்தும் புதிதாக ஒன்று வாங்கு என்கிறார்கள். இந்த மாற்றத்தால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே கணக்குச் சொன்னது.

அந்தக் கணக்கில் நம் வீட்டுக் கணினிகளும் அடக்கம். ஜாசின், அலோர் காஜா, மலாக்கா தெங்கா மாவட்டங்களின் செம்பனைத் தோட்ட லயங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான்களிலும் மேசை மேல் இருக்கும் கணினிகள் பல, வரும்போதே பழையவையாக வந்தவை. அண்ணன் வேலைக்குப் போனபோது தம்பிக்கு விட்டுச் சென்றது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியது, இணையக் கடையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மெட்ரிகுலேஷன் விண்ணப்பம், பல்கலைக்கழக விண்ணப்பம், சேமநிதிக் கணக்கு, ரொக்க உதவிக்கான பதிவு என எல்லாமே இணையத்துக்குப் போய்விட்ட நாட்டில் அந்தக் கணினி ஆடம்பரப் பொருளாகாது. அதைப் பாதுகாப்பில்லாமல் விடுவது அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கைத் திறந்துபோடுவதற்குச் சமம்.

இந்த நிலையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். கெடு வைத்த நிறுவனம், கெடுவைக் காட்டிச் சரக்குத் தள்ளும் வியாபாரிகள், கைகட்டி நின்ற அமைச்சுகள், பழைய பெட்டியைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் நம் பிரமுகர்கள் ஆகிய நான்கு தரப்பும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நிறுவனம். விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செக்யூர் பூட் வசதி வேண்டும். செயலியும் நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே தேறும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இன் பிற்பாதியில்தான். ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது, இருந்தும் செயலி பட்டியலில் இல்லை என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். புதிய செயலிகளில் பாதுகாப்பு வசதி கூடுதல் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் பழைய செயலியோடு புதிய விண்டோஸைப் பயன்படுத்துவதை விட, புதுப்பிப்பே இல்லாத விண்டோஸைப் பயன்படுத்துவதுதான் பேராபத்து. பாதுகாப்பின் பெயரால் மக்களை அதைவிட மோசமான இடத்தில் நிறுத்துவது என்ன நியாயம்?

எதிர்ப்புக் கிளம்பியதும் தனிப்பட்ட பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கு 30 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும், அல்லது அதன் வெகுமதித் திட்டத்தில் 1,000 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும், அல்லது கணினி அமைப்புகளை அதன் மேகச் சேமிப்பில் ஏற்றிவைக்க வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்து மக்களுக்கோ, அங்குள்ள பயனீட்டாளர் அமைப்பு கேள்வி எழுப்பியதும், 2025 செப்டம்பரில் அந்த ஏற்றிவைக்கும் நிபந்தனையைக் கைவிட்டு இலவசமாகத் தந்தது. பாரிஸில் இருப்பவனின் கணினிக்கு ஒரு நியாயம், பூலாவ் செபாங்கில் இருப்பவனின் கணினிக்கு இன்னொரு நியாயமா? அங்கே கேட்டார்கள், கிடைத்தது. நமக்காக உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு கேட்டதாக ஒரு செய்தியும் நம் காதுக்கு எட்டவில்லை.

மலாக்கா மக்களுக்கு இதில் கூடுதல் கசப்பு ஒன்று உண்டு. பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் 1973 முதல் மின்னணு ஆலை நடக்கிறது; இன்று அது இன்ஃபினியன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உலகில் டிபிஎம் சில்லு தயாரிக்கும் நிறுவனங்களுள் இன்ஃபினியனும் ஒன்று. பால்மரம் சீவிய குடும்பங்களின் பெண்கள் விடியுமுன் ஆலைப் பேருந்து ஏறிப் போய் வளர்த்த தொழில் இது. எல்லை தாண்டினால் மூவாரில் மைக்ரோன் ஆலை. அந்த மைக்ரோன், 2025 டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. சில்லறைச் சந்தையில் விலை ஏறிவிட்டது. புதுக் கணினி வாங்க வக்கில்லாதவன் இத்தனை காலமும் கொஞ்சம் ரேம் சேர்த்து, வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டிவந்தான். அந்த வழியும் குறுகிவிட்டது. மின்னணுத் தொழிலுக்குக் கை கொடுத்த ஊரில் அதன் பயன் மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

கணினியோடு செலவு முடிந்தால் பரவாயில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இங்கே அப்படியே பலிக்கிறது. புது லேப்டாப்பில் பழைய விஜிஏ துளை கிடையாது. பள்ளியின் புரொஜெக்டருக்கு விஜிஏ வடம்தான் இருக்கிறது. நடுவில் ஓர் இணைப்பி வாங்கு. பழைய பிரிண்டருக்குப் புது விண்டோஸில் டிரைவர் இல்லை, பிரிண்டர் வாங்கு. பிரிண்டர் வாங்கினால் அதற்கு வேறு மை, பழைய மைப்புட்டி வீண். பழைய சார்ஜரின் உருண்டை முனை புதியதில் நுழையாது. யூஎஸ்பி துளை இரண்டுதான், மௌஸையும் பென்டிரைவையும் விசைப்பலகையையும் சேர்த்துச் செருக ஒரு ஹப் வாங்கு. சில மாடல்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அது போதவில்லை என்றால் கணினியையே மாற்ற வேண்டும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அதைக் கழற்றக் கடைக்காரரே யோசிக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசிக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்புக்கும் யூஎஸ்பி-சி என்ற பொது சார்ஜரைக் கட்டாயமாக்கியது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2024இல் ஓர் ஆணையும் பிறப்பித்தது. இந்தியா 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான அரசு இணையத்தளம் ஒன்றைத் திறந்தது. நம் அமைச்சு எந்த வரிசையில் நிற்கிறது?

வரியைப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி. இணைப்பி, ஹப், சார்ஜர், பழைய மாடலுக்கான பேட்டரி என மேலே சொன்ன சில்லறைச் சாமான்கள் உள்ளூர்க் கடையில் கிடைக்காதபோது மக்கள் தேடிப் போவது அந்த இணையக் கடைகளைத்தான். வரியும் அங்கேதான் காத்திருக்கிறது. மறுபக்கம், கணினி வாங்கினால் வருமான வரியில் சலுகை உண்டு. வாழ்க்கைமுறைச் செலவு என்ற தலைப்பின் கீழ் 2,500 வெள்ளி வரை கழித்துக்கொள்ளலாம். யாருக்கு? வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவருக்கு. 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு வருமான வரியே வராது. ஆகவே சலுகையும் வராது. மாதச் சம்பளம் முழுவதையும் கொட்டினால்தான் ஒரு சாதாரணப் புது லேப்டாப் கைக்கு வரும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஒரு சென் கூடக் கிடைக்காத சலுகை, வசதியுள்ளவர் ஆண்டுக்கொன்று மாற்ற உதவுகிறது. பயன்பெற வேண்டியவரை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய சலுகை இது.

அடுத்து வியாபாரிகள். நேர்மையாகக் கடை நடத்திப் பழுதுபார்த்துக் கொடுப்பவர்களை நாம் மதிக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு அவர்கள் கைவண்ணத்தில் ஓடுகிறது. நம் கண்டனம் வேறு சிலருக்கு. நிறுவனங்கள் கழித்த ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை மொத்தமாக வாங்கி, தகுதிச் சோதனையைத் தாண்டும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, ‘விண்டோஸ் 11 தயார்’ என்று அட்டை ஒட்டி விற்கிறார்கள். தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு தொடரும் என்ற உறுதி கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அதை மறைத்து, மகளின் படிப்புக்கென்று தவணையில் வாங்க வரும் தாயிடம் விற்பது மோசடிக்கு ஒப்பானது. பொய்யான வாணிப விவரிப்பைக் குற்றமாக்கும் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் சும்மா இருக்கிறது. மலாக்கா ராயா கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் அமலாக்க அதிகாரிகள் சமையல் எண்ணெய் விலையைப் பார்ப்பது போல் இந்த அட்டைகளையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, விற்ற பொருளுக்கு நியாயமான காலம் வரை பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் நியாயமான காலம் எத்தனை ஆண்டு என்று சொல்லவில்லை. அதே பிரிவிலேயே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள்: உதிரிப் பாகத்துக்கு உறுதி தரமாட்டோம் என்று விற்கும்போதே தெரிவித்துவிட்டால் பொறுப்பு கழன்றுவிடும். பொடி எழுத்தில் ஒரு வரி அச்சிட்டால் போதும், பயனீட்டாளர் பாதுகாப்பு காணாமல் போகும். மென்பொருள் புதுப்பிப்பு என்ற சொல்லே இந்தப் பிரிவில் இல்லை. 1999இல் அது புரியாமல் இருந்திருக்கலாம். இன்றும் அதை அப்படியே வைத்திருப்பதற்குச் சாக்குக் கிடையாது.

மூன்றாவதாகக் கல்வி அமைச்சு. மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பகுதி உதவி பெறும் பள்ளியானால் சுவர் பூச்சு முதல் கணினி வரை பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி வாரியமும் கையேந்தித் திரட்ட வேண்டும். நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தரப் போவதாக 400 கோடி வெள்ளிக்கு மேல் மதிப்பிட்டுத் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம், கணக்காய்வாளர் தலைவரின் கண்டனத்துக்கு ஆளாகி, 2019 ஜூனில் முடிந்தது. அடுத்த ஆண்டு டெலிமா கற்றல் தளம் வந்தது. தளம் மாறும், திட்டத்தின் பெயர் மாறும், கணினி அறையில் இருக்கும் பெட்டி மட்டும் மாறாது.

விண்டோஸ் 10 நீட்டிப்புக்குக் கல்வி நிலையங்களிடம் மைக்ரோசாஃப்ட் வைத்த விலை எவ்வளவு தெரியுமா? ஒரு கணினிக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாமாண்டு 2 டாலர், மூன்றாமாண்டு 4 டாலர். இருபது கணினி உள்ள அறைக்கு முதலாண்டுச் செலவு நூறு வெள்ளியைத் தாண்டாது. ஆனால் இது தலைமையாசிரியர் கடைக்குப் போய் வாங்கும் பொருளாக இல்லை. மொத்த உரிம ஒப்பந்தத்தின் வழி வாங்க வேண்டியது. ஆகவே கேள்வி அமைச்சுக்குத்தான். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளிலும் விண்டோஸ் 10 கணினிகள் எத்தனை? அவற்றுள் எத்தனைக்கு இந்த நீட்டிப்பு எடுக்கப்பட்டது? பள்ளிவாரியாகப் பட்டியல் போட்டு வெளியிடுங்கள். எடுக்கவில்லை என்றால், நூறு வெள்ளிக் காரியத்தைச் செய்யாமல் பிள்ளைகளின் விவரங்களை ஆபத்தில் விட்டது யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அரசுக்கு இதைச் செய்யத் தெரியாது என்று நாம் நம்பவில்லை. 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. அப்போது உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிகோடர் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். பழையதை நிறுத்தும்போது ஏழையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்ற நெறி அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டே ஆண்டில், 2021 டிசம்பர் 31ஆம் நாள் 3ஜி சேவை மூடப்பட்டபோது, தோட்டங்களில் லேப்டாப்பில் செருகி இணையம் பிடித்த 3ஜி டாங்கிள்கள் மேசை இழுப்பறைக்குள் போயின. இப்போது கணினியின் முறை. தொலைக்காட்சி பார்க்கப் பெட்டி கொடுத்தவர்கள், பிள்ளை படிக்கும் கணினிக்கு என்ன செய்யப் போகிறார்கள்?

நான்காவதாக நம்மவர்கள். இதைச் சொல்லாமல் விட்டால் நம் கண்டனம் அரைகுறையாகிவிடும். அலுவலகத்தில் கழித்த கணினிகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அன்பளிப்பு என்று கொண்டுவந்து, பெரிய மாதிரிக் காசோலைக்குப் பக்கத்தில் நின்று, மாலை வாங்கிப் படம் எடுத்து மறுநாள் பத்திரிகையில் போடும் பழக்கம் நிற்க வேண்டும். எந்தத் தலைமுறைச் செயலி, எத்தனை ஜிபி ரேம், புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்று யாரும் கேட்பதில்லை. ஓராண்டு கழித்து அவை பள்ளியின் சாமான் அறையில் அடுக்கப்படுகின்றன. அவற்றைக் கழிக்கும் செலவும் பள்ளி தலையில். இந்தப் படங்களைப் போட்ட பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. பழைய பெட்டியைத் தள்ளிவிடுவதற்குக் கொடை என்று பெயர் சூட்டக் கூடாது.

கழித்த கணினி எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்று ஐநாவின் மின்கழிவு அறிக்கை சொல்கிறது. நம் நாட்டில் மின்கழிவு, 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் அடங்கும் அட்டவணைக் கழிவு. ஆனால் லயத்து வாசலில் ஒலிபெருக்கி வைத்து வரும் பழைய பேப்பர் லோரிக்கு எந்தக் குறியீடும் தெரியாது. செம்பு எடுக்க வடத்தைக் கொளுத்தும் புகையில் ஈயமும் நச்சு வாயுவும் கலந்திருக்கும். வாங்கு வாங்கு என்று துரத்தும் நிறுவனம் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் ஏன் வருவதில்லை?

நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: மலேசியப் பயனர்களுக்கும் ஐரோப்பியருக்குத் தந்த அதே நிபந்தனையில் விண்டோஸ் 10 நீட்டிப்பு வேண்டும் என்று வாணிப அமைச்சு மைக்ரோசாஃப்டிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வரும் பதிலை மக்கள் முன் வைக்க வேண்டும்.

இரண்டு: பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைத் திருத்தி, கணினிக்கும் துணைக்கருவிகளுக்கும் உதிரிப் பாகமும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் விற்ற நாளிலிருந்து குறைந்தது ஏழாண்டு என்று எழுத வேண்டும். முன்கூட்டியே சொல்லித் தப்பிக்கும் சந்தை அடைக்க வேண்டும். புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பதைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும்.

மூன்று: கணினி உதிரிப் பாகங்களுக்கு 10 விழுக்காட்டு வரியிலிருந்து விலக்கு வேண்டும். வரிச் சலுகை எட்டாத ரொக்க உதவிக் குடும்பங்களுக்கு, பள்ளிப்பிள்ளை இருந்தால், கணினி பழுதுபார்ப்புப் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும்.

நான்கு: தமிழ்ப்பள்ளிகளின் கணினி நிலவரத்தைக் கல்வி அமைச்சு வெளியிட்டு, மாற்றுவதற்கான கால அட்டவணையையும் நிதியையும் அறிவிக்க வேண்டும்.

ஐந்து: மலாக்கா மாநில அரசு, புக்கிட் பெருவாங்கில் உள்ள மல்டிமீடியா பல்கலைக்கழகத்தையும் டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் அழைத்துப் பேச வேண்டும். விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் இலவச லினக்ஸ் இயங்குதளம் நன்றாகவே ஓடும். உலாவியில் நடக்கும் டெலிமா பாடத்துக்கும் விண்ணப்பங்களுக்கும் அது போதும். மாணவர்கள் புக்கிட் ஆசாகானுக்கும் தெபோங்குக்கும் மெர்லிமாவுக்கும் முகாம் வந்து மாற்றிக் கொடுக்கலாம். தேவைப்படுவது ஒரு வேன், சில பென்டிரைவ், ஓர் அரசாணை.

வாசகர்களும் சும்மா இருக்கக் கூடாது. வாங்கும் முன் செயலியின் தலைமுறையைக் கேளுங்கள்; ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுத மறுக்கும் கடையை விட்டு வெளியே வாருங்கள். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் போக வேண்டும். ஒருவர் போனால் ஒரு வழக்கு. ஒரே கடையில் ஏமாந்த பத்துப் பேர் போனால் அமைச்சு திரும்பிப் பார்த்தே தீர வேண்டும். எனவே இன்றே பழைய ரசீதுகளைத் தேடி எடுங்கள், முதல் படிவத்தை நிரப்புங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் முன் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மேலே சொன்ன ஐந்தையும் அவையில் எழுப்ப வேண்டும். எழுப்பாதவர்களின் பெயரைத் தேர்தல் வரும்போது நாம் மறக்கப் போவதில்லை.